பாம்புக் கூண்டுக்கு மரக்கிளை தயார் செய்வது எப்படி: எடுப்பதிலிருந்து பொருத்துவது வரை

என் கார்ன் ஸ்நேக்குக்கு நான் வைத்த முதல் கிளை பதினோராம் நாளே குப்பைக்குப் போனது. காற்றில் ஒடிந்து விழுந்த கொய்யாக் கிளை, பார்க்க அவ்வளவு அழகான கவட்டை. குழாயடியில் கழுவினேன், ஒரு பகல் வெயிலில் வைத்தேன், சாயங்காலம் கூண்டுக்குள் வைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் வெட்டுவாயில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். கிளைக்கு நேர் கீழே, விரித்திருந்த காகிதத்தில், சலித்த மாவு போல ஒரு சின்னக் குவியல். உள்ளே வண்டு.

இரண்டாவது கிளையை நன்றாகக் காயவைத்தேன். கூண்டின் கதவுக்குள் அது நுழையவில்லை. மூன்றாவது நுழைந்தது, பொருத்தியும் ஆயிற்று. ராத்திரி இரண்டு மணிக்குப் பொத்தென்று விழுந்தது. பாம்பு அப்போது அடுத்த மூலையில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

நான்காவது கிளை இரண்டரை வருடமாக அசையாமல் நிற்கிறது. உங்கள் முதல் கிளையே என் நான்காவது கிளை மாதிரி அமைய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் பணம் பெரிதாகப் போகாது. போவதெல்லாம் நாள்தான். பட்டுப்போய்க் காய்ந்த கிளை கிடைத்தால் ஐந்து வாரம், பச்சைக் கிளை என்றால் மூன்று நான்கு மாதம். "இந்த ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம்" என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எல்லாப் பாம்புக்கும் கிளை ஒரே அளவுக்குத் தேவை இல்லை. மரத்திலேயே வாழும் கிரீன் ட்ரீ பைத்தானுக்குக் கிளைதான் வீடு. கார்ன் ஸ்நேக் நன்றாக ஏறும். பால் பைத்தான் (ball python) தரைப் பாம்பு என்று பெயர் வாங்கினாலும், கிளை இருந்தால் ராத்திரியில் ஏறிப் பார்க்கும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் சாண்ட் போவாவுக்கு உயரமான கிளையைவிட ஆழமான மண்தான் முக்கியம்.

1. மரத்துக்கு முன் காகிதம்

மூன்று விஷயம் மட்டும்.

முதலாவது, பாம்பின் ஆவணங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் அந்த இனத்தை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறதா, உரிமமோ பதிவோ வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். மலைப்பாம்பு இனங்கள் எல்லாமே, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. வாங்கிய ரசீது, வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான சான்று, எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். இந்த வேலை முடியாமல் கிளை தேடிப் போவதில் அர்த்தம் இல்லை.

இரண்டாவது, கிளைக்கான அனுமதி. தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கேட்கும்போதே அந்த மரத்துக்குக் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அனுமதியைவிட இந்தப் பதில்தான் அதிகம் உதவியது. பாதுகாக்கப்பட்ட காடுகளில் கீழே கிடக்கும் சுள்ளியை எடுப்பதுகூடப் பல இடங்களில் குற்றம். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மூன்றாவது, எல்லை தாண்டுவது. பட்டையோடு கூடிய மரத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகத் தாவர நோய்த் தடுப்பு விதிகள் உண்டு. பயணம் போன இடத்தில் அழகான கிளை கிடந்தால் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், போதும்.

2. முதலில் கூண்டை அளந்துவிடுங்கள்

கிளையைப் பார்த்த பிறகு கூண்டை அளப்பது என் பழக்கமாக இருந்தது. அதைத் தலைகீழாக மாற்றுங்கள்.

உள் அளவை எடுங்கள்: நீளம், அகலம், உயரம். 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள கூண்டில் தரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 134 செ.மீ. வரும். கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்க மேல் மூலைக்கு 147 செ.மீ. ஆக, நேராக வைத்தால் 120-க்கு மேல் போகாத கூண்டில் சாய்த்து வைத்தால் இன்னும் நீளமான கிளை நிற்கும். ஆனால் அடிப்பலகைக்கும் மேல் இடைவெளிக்கும் சேர்த்து 15 செ.மீ. குறைத்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்துக் கதவு. என் இரண்டாவது கிளை தோற்றது இங்கேதான். முன்பக்கம் இரண்டு நகரும் கண்ணாடி உள்ள கூண்டு என்றால், எப்படி நகர்த்தினாலும் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். நேர்க் கிளையைச் சாய்த்து நுழைத்துவிடலாம். கவட்டைக் கிளை நுழையாது. நான் மூன்று மாதம் காயவைத்த கிளையைக் கதவுக்கு முன் வைத்து ஒரு மணி நேரம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். இப்போது, திறப்பின் அளவுக்கு ஓர் அட்டையில் ஓட்டை வெட்டி, அதைக் கையோடு கொண்டுபோகிறேன். கிளை அந்த ஓட்டை வழியே வந்தால்தான் வீட்டுக்கு வரும்.

தடிமன்: பாம்பின் உடல் நடுவில் எவ்வளவு தடிமனோ அவ்வளவு, அல்லது கொஞ்சம் கூட. ஒரே தடிமனில் நான்கு கிளையைவிட, தடித்தது ஒன்றும் மெல்லியது இரண்டும் இருந்தால் பாம்பு பிடிக்கும் விதம் மாறிக்கொண்டே இருக்கும், தசைக்கும் வேலை. மரப் பாம்புகள் சுருண்டு படுக்கும் இடத்தில் மட்டும் கிளை கிடைமட்டமாக இருக்கட்டும்.

3. எந்த மரம்

என் விதி சுலபமானது: பெயர் தெரியாத மரம் வேண்டாம். இலை இருக்கும்போதே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மொட்டைக் கிளையை வைத்து மரத்தை அடையாளம் காண்பது, பழகியவர்களுக்கே சில நேரம் தப்பும்.

கொய்யா, முசுக்கட்டை, முற்றிய திராட்சைக் கொடி, ஓக், மேப்பிள், ஆப்பிள், பீச் (beech) மரம், இவையெல்லாம் பாம்பு வளர்ப்பவர்கள் பரவலாகப் பயன்படுத்துபவை. எனக்குக் கொய்யாதான் பிடித்தம். பட்டை தானாக உரிந்துவிடும், உள்மரம் கெட்டி, வளைவுகளுக்குக் குறைவே இல்லை.

வேண்டாதவை: தேவதாரு, பைன் முதலிய ஊசியிலை மரங்கள். அவற்றின் பிசினும் வாசனை எண்ணெயும் மூடிய கூண்டுக்குள் பாம்பின் மூச்சுப் பாதையைக் கெடுக்கும். தேவதாரு இதில் மிக மோசம். அரளி முழுக்க முழுக்க விஷம், யூ மரமும் அப்படியே. கள்ளி, எருக்கு என்று ஒடித்தால் பால் வடிகிற எதுவும் வேண்டாம். யூகலிப்டஸ் மாதிரி நசுக்கினால் மணக்கிற மரங்களையும் நான் தொடுவதில்லை. வெட்டுவாயை மூக்கருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். உங்களுக்கே நெடி தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மூங்கில் விஷமில்லை, ஆனால் வழுக்கும். பாம்பு வயிற்றுச் செதிலை ஊன்றித்தான் ஏறுகிறது. மூங்கில்தான் வேண்டும் என்றால் சணல் கயிறு இறுக்கிச் சுற்றுங்கள். கணுவுக்குக் கணு உள்ளே குழல் இருப்பதால், வெட்டிய முனை வழியே ஈரம் போய்த் தங்கும், அதையும் கவனியுங்கள். கடலோரம் ஒதுங்கிய கட்டை அழகுதான், ஆனால் உப்பு. ஒன்றிரண்டு வாரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும்.

4. எடுப்பது

வண்டி ஓடும் சாலையோர மரம் வேண்டாம். வேலிப்பக்கம் களைக்கொல்லி அடித்த இடமும் வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது, மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கிளை. தரையில் படாததால் அழுகல் குறைவு, பாதிக்கு மேல் அங்கேயே காய்ந்திருக்கும். தரையில் விழுந்து மாதக் கணக்கில் கிடந்த கிளை பார்க்கக் காய்ந்தது போல இருக்கும், தூக்கினால் அடிப்பக்கம் ஈரம் சொதசொதவென்று இருக்கும்.

எடுக்குமுன் மூன்று சோதனை. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உளுத்திருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. பட்டையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் அவற்றிலிருந்து மாவும் வந்தால் அங்கேயே போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ரம்பத்தால் வெட்டுங்கள், ஒடிக்காதீர்கள். தேவையான நீளத்தைவிட இரு முனையிலும் 10 செ.மீ. கூடுதலாக விடுங்கள். காயும்போது முனைகளில்தான் வெடிப்பு வரும், அதைக் கடைசியில் அறுத்துத் தள்ளிவிடலாம்.

5. தோல் உரித்துக் கழுவுதல்

கையால் பிய்த்தால் வருகிற பட்டையை எல்லாம் எடுத்துவிடுங்கள். பூச்சிகள் ஒளிவது அதற்கடியில்தான், பிறகு பாம்பின் எச்சம் போய்ச் சேர்வதும் அங்கேதான். மரத்தோடு ஒட்டிக் கெட்டியாக இருக்கும் பட்டையை விடலாம். சட்டை உரிக்கும் நாட்களில் முகத்தைத் தேய்க்க அந்தச் சொரசொரப்பு உதவும்.

கொதிநீரும் கெட்டித் தூரிகையும் போதும். சோப்பு வேண்டாம், மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பொந்துகளுக்குப் பழைய பல் தூரிகை. கவட்டையின் இடுக்கில் இறுகிய மண் இருக்கும், அங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

6. காயவைத்தல்: இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்

மரம் வெளியே காய்ந்துவிடும், உள்ளே காயாது. கையில் தொட்டால் மொறமொறப்பாக இருக்கும் கிளையைக் கூண்டின் ஈரக்காற்றில் வைத்தால், உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்து பூஞ்சணத்துக்குத் தீனி போடும். என் முதல் கிளையில் நடந்தது இதுதான்.

அப்படியானால் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? தராசு. இதைவிட நம்பகமான வழியை நான் பார்க்கவில்லை. கழுவிய மறுநாள் எடை பாருங்கள். கிளையிலேயே பென்சிலால் தேதியும் கிராமும் எழுதிவிடுங்கள். வாரம் ஒரு முறை, அதே தராசில், திரும்பவும் எழுதுங்கள். என் நான்காவது கிளையின் கணக்கு இப்படிப் போனது: 1,640 கிராம், 1,480, 1,395, 1,352, 1,338, 1,335, 1,335. கடைசி இரண்டும் ஒன்றாக வந்த வாரம்தான் அது காய்ந்தது. அடுத்தடுத்த இரண்டு வார எடையும் ஒன்றாக வந்தால் சரி, அடுத்த வேலைக்குப் போகலாம்.

வைக்கும் இடம் நிழலாக, காற்றோட்டமாக இருக்கட்டும். உச்சி வெயிலில் வைத்தால் வெளிப்புறம் சட்டென்று சுருங்கி நீளவாக்கில் பிளந்துவிடும். தரையில் கிடத்தாதீர்கள், இரண்டு குச்சிகளின் மேல் தூக்கி வைத்து, எடை பார்க்கும்போதெல்லாம் ஒரு புரட்டுப் புரட்டுங்கள். பட்ட கிளைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பச்சையாக வெட்டியது, மணிக்கட்டுத் தடிமன் என்றால், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. பூச்சியும் கிருமியும் போக

ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை.

ஓவன். எனக்கு இதுதான் முதல் தேர்வு. உலக வர்த்தகத்தில் மரப்பெட்டிகளுக்கு ஐஎஸ்பிஎம் 15 என்று ஒரு விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி உட்பட முழுவதும் 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்கிறது அது. மரத்தைக் குடையும் பூச்சிகளுக்கான கணக்கு இது. கவனியுங்கள், நடுப்பகுதி. ஓவனில் 110 டிகிரி காட்டுவதால் கிளையின் நடுவிலும் அப்படி இருக்கும் என்று எண்ணாதீர்கள். பின்னால் ஸ்க்ரூ போடப் போகும் இடத்தில் முன்கூட்டியே சின்ன ஓட்டை போட்டு, இறைச்சிக்குள் செருகுகிற தெர்மாமீட்டரின் ஊசியை அதில் விட்டுப் பார்த்தேன். 5 செ.மீ. தடித்த கிளையில் நடுப்பகுதி சூடேற நான் நினைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. அதனால் 100 முதல் 120 டிகிரியில் மெல்லிய கிளைக்கு 45 நிமிடம், தடித்ததற்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன்.

ஓவன் ஓடும்போது அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். மரம் சூட்டுக் கம்பியைத் தொடக் கூடாது. புகையோ கருகல் வாசனையோ வந்தால் உடனே நிறுத்துங்கள், கதவைத் திறக்காதீர்கள். பிசின் உள்ள மரத்தை ஓவனுக்குள் விடவே கூடாது.

கொதிக்கவைத்தல். பாத்திரத்துக்குள் முழுவதும் முங்குகிற சின்னக் கிளைகளுக்கு நல்லது. அரை மணி முதல் ஒரு மணி நேரம். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், அது மரத்தின் துவர்ப்புச் சத்து, பயப்பட வேண்டாம். ஆனால் மரம் மறுபடி நனைந்துவிடும், தராசுக் கணக்கைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

பிளீச். ஓவனிலும் பாத்திரத்திலும் அடங்காத பெரிய கிளைக்கு. ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு குளிர்ந்த தண்ணீர், அன்றன்று கலந்தது. கிளை முதலிலேயே சுத்தமாகக் கழுவப்பட்டிருக்க வேண்டும், அழுக்கு இருந்தால் பிளீச்சின் சக்தி அதிலேயே தீர்ந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறியதும் நன்றாக அலசி, ஒரு நாள் நல்ல தண்ணீரில் போட்டு, அப்புறம் காயவையுங்கள். நெடி துளியும் இருக்கக் கூடாது. கையுறை, திறந்த வெளி, இரண்டும் கட்டாயம். பிளீச்சோடு வினிகரையோ மற்றத் துப்புரவுத் திரவங்களையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். அப்புறம், பிளீச் மேற்பரப்புக் கிருமிக்குத்தான். உள்ளே குடைந்திருக்கும் வண்டை அது தொடாது.

தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினிகள் பலவற்றில் ஃபீனால் வகைப் பொருட்கள் இருக்கும். ஊர்வனவற்றுக்கு அவை ஆகாது. வீட்டில் கைவசம் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

கொட்டும் வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் உள்ளே தெர்மாமீட்டர் 56-ஐக் காட்டினால் மட்டும் நம்புங்கள். குளிர்பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பல பூச்சிகள் சாகும், பூஞ்சணம் உறங்கும், அவ்வளவே.

8. பை சோதனை

யாரும் எனக்குச் சொல்லாத கட்டம் இது. காய்ந்து, கிருமி நீக்கிய கிளையைப் பெரிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். அடியில் ஒரு வெள்ளைத் தாள். வாயைக் கட்டி, சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள்.

தினமும் ஒரு பார்வை போதும். பையின் உள்பக்கம் ஆவி படிந்தால் மரம் இன்னும் காயவில்லை. வெள்ளைத் தாளில் மாவு விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது, ஏழாம் கட்டத்தைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டும் இல்லை என்றால் கிளை தேறிவிட்டது. பொறுமை போய், "ஒரு வாரம் போதாதா" என்று தோன்றும். எனக்கு ஒரு முறை பன்னிரண்டாம் நாள்தான் மாவு விழுந்தது.

9. செதுக்கி மழுக்குதல்

வெடித்த முனைகளை அறுத்துவிடுங்கள். முள், ஒடிந்த சிறு குச்சிகளின் மிச்சம், பிளவுகளின் கூர் ஓரம், இவற்றை அரத்தால் ராவி, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120-ல் முடியுங்கள். சோதிக்க ஒரு வழி: பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக் கிளை முழுக்கத் தடவுங்கள். அது எங்கே மாட்டுகிறதோ அங்கே பாம்பின் செதிலும் மாட்டும்.

மொத்தத்தையும் வழவழவென்று ஆக்கிவிடாதீர்கள், பிடிமானம் போய்விடும். பாம்பின் தலை நுழைந்து உடல் நுழையாத அளவில் பொந்தோ இறுகிய கவட்டையோ இருந்தால், ஒன்று பெரிதாக்குங்கள், அல்லது அந்தப் பகுதியையே வெட்டிவிடுங்கள்.

வார்னிஷ், பெயின்ட், மரம் காக்கும் எண்ணெய் எதுவும் வேண்டாம். கிளையைப் பூசிக் காப்பாற்றுவதைவிட, கெட்டால் மாற்றிக்கொள்வது சுலபம்.

10. பொருத்துதல்

விழுகிற கிளை பாம்பைக் கொல்லும். சாய்த்து வைத்தால் நிற்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், மூன்றாவது கிளையை நான் அப்படித்தான் விட்டேன்.

மரக் கூண்டு என்றால், வெளிப்பக்கமிருந்து சுவர் வழியாகக் கிளையின் முனைக்குள் ஸ்க்ரூ ஏற்றுங்கள். முதலில் டிரில்லால் மெல்லிய ஓட்டை, தலைக்குக் கீழ் வாஷர். முனையில் மரத்தின் நார் நீளவாக்கில் இருப்பதால் பிடிமானம் குறைவு, நீளமான ஸ்க்ரூவாக எடுங்கள். ஒரு முனைக்கு இரண்டு ஸ்க்ரூ. ஒன்றே ஒன்று போட்டால், பாம்பு ஒரு பக்கமாகச் சாயும்போது கிளை ராட்டினம் மாதிரி சுற்றிவிடும்.

கண்ணாடிப் பெட்டி என்றால் சுவரில் ஓட்டை போட முடியாது. கிளையின் அடியைத் தட்டையாக அறுத்து, அகலமான ஒரு பலகையில் அடியிலிருந்து ஸ்க்ரூ ஏற்றி நிறுத்துங்கள். ஸ்க்ரூவின் தலை பலகைக்குள் அமுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி கீறும். இந்தப் பலகை கண்ணாடித் தரையிலேயே உட்கார வேண்டும், மண்ணையோ மரச்சீவலையோ அதற்கு மேல் கொட்டுங்கள். விரிப்பின் மேல் வைத்தால் பாம்பு அடியில் குடைந்து போகும், பலகை சரியும். சிலிகான் பயன்படுத்தினால் மீன்தொட்டிக்கான, பூஞ்சணத் தடுப்பு மருந்து கலக்காத வகை. புளித்த வாசனை முழுக்கப் போகும்வரை, குறைந்தது இரண்டு மூன்று நாள், பாம்பை உள்ளே விடாதீர்கள்.

கேபிள் டை கட்டினால் வால் முனையை ஒட்ட நறுக்கி, முடிச்சைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். நறுக்கிய பிளாஸ்டிக் பிளேடு மாதிரி கிழிக்கும். ஒட்டும் டேப் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூண்டுக்குள் போகக் கூடாது. பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது செதிலோடு தோலும் வரும். அப்படி ஆகிவிட்டால் இழுக்காதீர்கள். சமையல் எண்ணெய் தடவி மெல்ல மெல்ல நெகிழ்த்துங்கள், முடியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

இப்போது பாரம் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உங்கள் பாம்பின் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீர்ப் புட்டிகளைக் கிளையின் மெல்லிய முனையில் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஒன்றரை கிலோ பால் பைத்தான் என்றால் நாலரை லிட்டர். காலையில் எதுவும் நகரவில்லை என்றால் சரி.

கிளைக்கு நேர் கீழே கல், கனமான தண்ணீர்க் கிண்ணம் எதுவும் வேண்டாம். பாம்பும் கால் இடறும், கால் இல்லாவிட்டாலும்.

11. விளக்கு, வெப்பம், மூடி

கிளை வைத்ததும் கூண்டின் வெப்பக் கணக்கு மாறிவிடுகிறது. பாம்பு இப்போது விளக்குக்குப் பக்கத்தில் ஏறி வந்துவிட்டது. என் கூண்டில் தரையில் 31 டிகிரி காட்டிய இடத்துக்கு நேர் மேலே, கிளையின் மேற்பரப்பு 39 காட்டியது. கார்ன் ஸ்நேக்குக்கு அது சூடு அதிகம். அகச்சிவப்பு வெப்பமானியைக் கிளையின் மேற்புறத்தில் பிடித்து அளந்து, கிளையையோ விளக்கையோ நகர்த்துங்கள். புற ஊதா விளக்கு இருந்தால் அதற்கும் இதே கதை.

விளக்கு கூண்டுக்குள் இருந்தால் கம்பி உறை கட்டாயம். இல்லாவிட்டால் கிளை வழியே ஏறி விளக்கையே சுற்றிக்கொள்ளும், பலமாகச் சுட்டுக்கொள்ளும். காய்ந்த மரமும் செராமிக் ஹீட்டரும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இருக்கவே கூடாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எதையும் ஓடவிடாதீர்கள்.

மூடி மேலே திறக்கும் பெட்டியா? தரையிலிருந்து எட்டாத மூடியைப் பாம்பு கிளையில் உடலை ஊன்றி நெம்பித் தள்ளும். பூட்டு போடுங்கள்.

12. பாம்பை விடும் நாள்

கண் நீலம் பாய்ந்து சட்டை உரிக்கத் தயாராகும்போது கூண்டை மாற்றி வைக்காதீர்கள். இரை எடுத்து இரண்டு நாளாவது ஆகட்டும். புதிதாக வரும் பாம்பு என்றால், அது வருமுன்பே கிளை பொருத்தி முடித்திருப்பது எல்லோருக்கும் நல்லது.

முதல் ராத்திரி பக்கத்தில் இருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. என்னுடையது முதல் இரண்டு நாள் கிளையைத் தொடவே இல்லை, ஒளியும் பெட்டிக்குள்ளிருந்து நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் விளக்கணைத்த பிறகு பாதி உடல் ஏறியிருந்தது. அடுத்த வேளை இரையை மறுத்தாலும் பதறாதீர்கள், இடம் மாறினால் சில பாம்புகள் அப்படிச் செய்யும்.

13. செலவு

கிளைக்குப் பணம் இல்லை. ரம்பம், தூரிகை, தராசு வீட்டிலேயே இருக்கும். வாங்க வேண்டியது உப்புத்தாள், ஸ்க்ரூ, பலகை, தேவைப்பட்டால் சிலிகான். இதில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பொருள் அகச்சிவப்பு வெப்பமானி, கிளைக்கு மட்டுமின்றி தினசரி அது வேண்டும். நேரமே இல்லை, கடையில் வாங்கிவிடுகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் என்ன மரம் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கியதற்கும் எட்டாம் கட்டத்துப் பை சோதனை உண்டு.

14. அப்புறம்

எச்சம் பட்டால் காயவிட்டுச் சுரண்டி, கொதிநீரில் தேயுங்கள். சமையல் தொட்டியில் வேண்டாம், மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமியை ஊர்வன சுமப்பவை. பயன்படுத்திய கிளையை மறுபடி ஓவனில் வைப்பதானால் சமையலுக்கு எடுக்காத தட்டு, முடிந்தால் சமையலுக்கு எடுக்காத ஓவன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஈரப்பதம் அதிகம் வேண்டும் இனங்களின் கூண்டில் எவ்வளவு காய்ந்த கிளையிலும் எப்போதாவது வெள்ளை படரும். சின்னத் திட்டு என்றால் துடைத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தடவிக் காயவையுங்கள், காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் கிளையை மாற்றுங்கள். மாதம் ஒரு முறை ஸ்க்ரூக்களை முறுக்கிப் பாருங்கள், கிளையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதிந்தால் அதன் காலம் முடிந்தது.

பாம்புக்கு உண்ணி வந்தால் கிளையைத் தூக்கிப் போடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி என்று மருத்துவர் சொன்னாலும் அப்படியே. அந்தக் கிருமியை பிளீச் கொல்லாது, மரத்தின் நுண்ணிய துளைகளிலிருந்து அதை வெளியேற்ற வழியும் இல்லை.

அந்த மாதிரி நாளில் மூன்று மாதம் காத்திருக்க முடியாது. அதனால் ஒரு கிளையைப் பொருத்தியவுடனேயே அடுத்ததைக் காயப் போட்டுவிடுங்கள். என்னுடைய மாற்றுக் கிளை அலமாரிக்கு மேல் கிடக்கிறது. போன வாரம் 1,231 கிராம். நேற்று 1,214. இன்னும் காயவில்லை.